மூன்றாவது கிரீஸ் கன்

ஐப்பசி, கடைசி வாரம், செவ்வாய். பிற்பகலில் மழை நின்றது. அண்ணி விதைநெல் அறைக்குள் சென்றார். சற்று நேரத்தில் ஏதோ விழுந்த ஓசை கேட்டதாகப் பக்கத்து வீட்டார் கூறினர். தஞ்சாவூருக்குக் கொண்டு சென்றோம்.

புதன். மாலையில் இறந்தார். மூளையில் இரத்தக் கசிவு என்றார் மருத்துவர்.

வியாழன். ஆராதனைக்குப் பின் கல்லறைத் தோட்டத்தில் அண்ணனுக்கு அருகில் அடக்கம். மழை இல்லை.

வெள்ளி. விதைநெல் அறையைத் திறந்தேன். பலகையின் மேல் மூன்று கிரீஸ் கன்கள் படுக்கைவாக்கில் இருந்தன. இரண்டின் பின்தண்டு வெளியே இழுத்துப் பூட்டப்பட்டிருந்தது. மூன்றாவதின் தண்டு உள்ளே இருந்தது. அதன் மூக்கின் கீழ் விரித்திருந்த செய்தித்தாளில் எண்ணெய்க் கறை. ஒரு நாணயத்தின் அளவு.

இவை நடந்தவை. இனி எழுதுவது நடந்தவற்றுக்கு முன்னால் இருந்த ஒருவரைப் பற்றி. அவர் என் அண்ணனின் மனைவி. ஒருநாளும் அவரைப் பெயர் சொல்லி நான் அழைத்ததில்லை. இங்கும் அந்த வழக்கத்தை மாற்றப்போவதில்லை.

குடவாசலுக்கு அருகில் எங்கள் தெரு. எங்கள் பெற்றோர் காலத்தில் அத்தெருவில் எவருக்கும் நிலம் இல்லை. பிறர் நிலத்தில் நட்டார்கள், அறுத்தார்கள். இன்று ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டு மா, மூன்று மா என்று துண்டு துண்டாக நிலம் இருக்கிறது. பாதிப் பிள்ளைகள் அலுவலகங்களில் இருக்கிறார்கள். நான் தஞ்சாவூரில் ஒரு கல்லூரியில் வேதியியல் கற்பித்து, ஓய்வு பெற்றபின் ஊருக்குத் திரும்பினேன். அண்ணன் ஊரிலேயே இருந்து, ஒரு பழைய அறுவடை இயந்திரத்தை வாங்கினார். சேற்றில் புதையாமல் போகும் பெல்ட் வண்டி. வாங்கிய அடுத்த ஆண்டே அவர் இறந்துபோனார். அண்ணி அப்போது சத்துணவு அமைப்பாளராக இருந்தார். வண்டியை விற்றுவிடுவார் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவர் வேலையை விட்டுவிட்டு வண்டியை வைத்துக்கொண்டார்.

அவர் சொன்ன காரணம் சுருக்கமானது.

"மிஷின் வச்சிருக்கிறவன்லாம் ஒரே துண்டா கெடக்கிற பெரிய தாக்கா பாத்துட்டுத்தான் நம்ம தெருவுக்கு வர்றான். அதுக்குள்ள மழ வந்து கதிரு சாஞ்சு, நெல்லு முளைச்சுப்போவுது. நம்ம வண்டி முதல்ல நம்ம தெருவுல இறங்கும். பொங்கல் முடிஞ்ச முதத் திங்கக்கிழம. நாள் சொல்லியாச்சு."

"நாள் சொல்லியாச்சு" என்பதற்குப் பின் அவரிடம் பேச்சு கிடையாது. வாக்கு, சத்தியம், உறுதி போன்ற சொற்களை அவர் பயன்படுத்திக் கேட்டதில்லை. நாள் சொன்னால் அன்று வண்டி வயலில் நிற்க வேண்டும். நிற்பதற்கு எது தேவையோ அது செய்யப்பட வேண்டும். அவருடைய வாழ்க்கையின் பிற்பாதி முழுவதும் இதுதான்.

முதல் தையிலேயே அது தவறியது.

திங்கட்கிழமை காலையில் வண்டி எங்கள் தெருவின் நிலங்களில் இறங்கியது. பொங்கலுக்கு வந்திருந்த நான் வரப்பில் நின்றிருந்தேன். கோடி வீட்டுப் பெரியம்மாவின் இரண்டு மாவில் பாதி அறுத்தபோது எரிந்த வாடை வந்தது, வண்டி நின்றது. கிழக்கே வானம் கறுத்துக்கொண்டிருந்தது. ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து பருவத்துக்கு வரும் டிரைவர் இறங்கி, பக்கத் தகட்டைக் கழற்றிப் பார்த்தார்.

"பேரிங் புடிச்சுக்கிச்சு அக்கா. கை வைக்க முடியல, கொதிக்குது."

"நேத்துதான கிரீஸ் அடிச்சோம்?"

"அடிச்சோம். உள்ள பாருங்க, கிரீஸா இது? காஞ்ச சோப்பு மாதிரி இருக்கு. இதுல எண்ணெய்யே இல்ல."

அண்ணி குனிந்து விரலால் தொட்டுப் பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் முகத்தில் தெரிந்தது அச்சமன்று. கணக்குப் பார்ப்பவரின் முகம்.

"நான்தான் ஊத்துனேன்."

"எத?"

"வாளியத் தொறக்கும்போதெல்லாம் மேல கொஞ்சம் தண்ணி மாதிரி நிக்கும். மாவு புளிச்சா மேல நிக்கிற தண்ணிய இறுத்துட்டு அடிமாவ எடுக்கிறதில்ல? அப்படி இறுத்து இறுத்து ஊத்திட்டேன். கோடை பூரா."

டிரைவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "அக்கா, அதுதான் எண்ணெய்! இட்லிக்கா கிரீஸ் வாங்குனீங்க?"

வரப்பில் சிலர் சிரித்துவிட்டார்கள். அண்ணியும் சிரித்தார். பிறகு சேலையை வரிந்து கட்டிக்கொண்டு, "யார் வீட்டுல அருவா இருக்கு? எல்லாத்தயும் எடுத்துட்டு வாங்க" என்றார்.

"ஏன்டி, உனக்கு இன்னும் அறுக்க வருமா?" என்று கேட்டார் பெரியம்மா. நிலம் அவருடையது, மழையும் அவர் நெல்லின் மேல்தான் விழப்போகிறது. இருந்தும் கேலி செய்யாமல் இருக்க முடியவில்லை அவருக்கு.

"பக்கத்துல வந்து நில்லு. யாரு முன்னால போறான்னு பாக்கலாம்."

தெருவே இறங்கியது. பள்ளி ஆசிரியை, மின்வாரியத்தில் இருப்பவர், விடுமுறைக்கு வந்த கணினிப் பொறியாளர் இருவர் எல்லோரும் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு வந்தார்கள். அறுக்கத் தெரிந்தவர்கள் அறுத்தார்கள். நாங்கள் கட்டுகளைச் சுமந்து கோயில் கூடத்தில் அடுக்கினோம். கடைசிக் கட்டு உள்ளே வந்தபோது மழை பிடித்தது. பெரியம்மாவின் நெல் தப்பியது. அடுத்திருந்த நிலங்களுக்கு வண்டி பழுதுபார்க்கப்பட்டு வருவதற்குள் கதிர்கள் சாய்ந்துவிட்டன. அந்த வீடுகளுக்கு ஒவ்வொன்றாகச் சென்று, "என் கை செஞ்ச தப்பு" என்று அண்ணி சொல்லிவிட்டு வந்தார். அழவில்லை. விளக்கம் கூறவில்லை. ஒருவர் மட்டும் அவரை வாசலிலேயே நிறுத்திப் பேசினார். அதையும் கேட்டுக்கொண்டார்.

அன்று மாலை என்னிடம் கேட்டார். "தம்பி, நீங்க படிச்சதுதான இது. எண்ணெய் ஏன் தனியா மேல வருது?"

நான் அறிந்ததைச் சொன்னேன். கிரீஸ் என்பது ஒரே பொருளன்று; ஒருவகைச் சோப்பின் நுண்ணிய இழைகள் எண்ணெயைத் தம்முள் பிடித்து வைத்திருக்கும் நிலை. பஞ்சு தண்ணீரைப் பிடித்திருப்பதுபோல. வெயிலில் சூடேறினால் பிடி தளரும். அழுத்திக்கொண்டே இருந்தால் எண்ணெய் பிதுங்கும். வெறுமனே கிடந்தாலும் காலப்போக்கில் சிறிது வெளிவரும். அவ்வளவு வருவது இயல்பு, அதை இறுத்து ஊற்றாமல் கலக்கி உள்ளேயே சேர்த்துவிட வேண்டும். மிகுதியாகப் பிரிந்துவிட்டால் எறிந்துவிட வேண்டும்.

அண்ணி, "அப்ப அந்த கன்னு?" என்று கேட்டார்.

அதை இதுவரை பார்த்திராதவர்களுக்காகச் சொல்கிறேன். கிரீஸ் கன் என்பது முழங்கை நீளமுள்ள ஓர் இரும்புக் குழாய். ஒரு முனையில் மூக்கு. மறுமுனையில் ஒரு தண்டு. உள்ளே ஒரு சுருள்வில் கிரீஸை மூக்கை நோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கும். வேலை முடிந்ததும் தண்டைப் பின்னுக்கு இழுத்து அதற்கான பள்ளத்தில் பூட்டினால் வில்லின் அழுத்தம் நீங்கும். எங்கள் பக்கத்தில் யாரும் அதைச் செய்வதில்லை. வேலை முடிந்தால் தகரக் கொட்டகையின் ஆணியில் மூக்குக் கீழே தொங்க மாட்டிவிட்டுப் போவார்கள். ஆணிக்குக் கீழே தரையில் ஒரு கரிய வட்டம் எல்லாக் கொட்டகைகளிலும் உண்டு.

"சூடு, அழுத்தம், தொங்கல் மூணும் சேந்து வேல செய்யுது அங்க," என்றார் அண்ணி. மறுநாள் ஆணியைப் பிடுங்கினார்.

வீட்டில் வெயில் படாத இடம் விதைநெல் அறை ஒன்றுதான். வடக்குப் பார்த்த சிறிய அறை. அங்கே பலகை அடித்து, கிரீஸ் வாளிகளையும் கன்களையும் கொண்டுவந்தார். கன்கள் எப்போதும் படுக்கைவாக்கில்தான் இருக்கும். மூக்கைத் துணியால் துடைத்துத் தொப்பி போட வேண்டும். தண்டு வெளியே இழுத்துப் பூட்டியிருக்க வேண்டும். வாளியில் கிரீஸை அள்ளிய குழி அப்படியே இருக்கக் கூடாது. குழியில் எண்ணெய் வந்து தேங்கும் என்று கண்டுபிடித்து, தோசைத் திருப்பி ஒன்றை அதற்கென ஒதுக்கி, ஒவ்வொரு முறையும் மேற்பரப்பைச் சமன்செய்து மூடினார். பேரிங்குக்கு ஒரு கிரீஸ், பெல்ட் உருளைகளுக்கு வேறொன்று. இரண்டும் கலந்தால் இளகிப்போகும். ஆகவே ஒன்றுக்குச் சிவப்பு, மற்றொன்றுக்குப் பச்சை என்று சேலைக் கரையைக் கிழித்துக் கட்டினார். பின்னாளில் வந்து சேர்ந்த மூன்றாவது கன் அவசரத்துக்கு.

"அக்கா தலகாணி மட்டுந்தான் வைக்கல," என்று டிரைவர் ஊரெல்லாம் சொன்னார்.

"உனக்குத்தான் வைக்கல. அதுக்கு வச்சிருக்கேன், வந்து பாரு," என்றார் அண்ணி. உண்மையிலேயே வைத்திருந்தார். உருண்டு விழாதிருக்கப் பழைய சாக்குத் துணியை மடித்து இருபுறமும் முட்டுக் கொடுத்திருந்தார்.

அதன்பின் வந்த தைகளில் வண்டி நின்றதில்லை என்று எழுதினால் அது உண்மையாகாது. பெல்ட் அறுந்ததுண்டு, டீசலில் தண்ணீர் வந்ததுண்டு. ஆனால் எண்ணெய் வற்றி நின்றதில்லை. சொன்ன திங்கட்கிழமையில் எங்கள் தெருவில் இறங்காமல் இருந்ததில்லை.

தோப்புக்காரர் என்று நாங்கள் அழைக்கும் பெரிய நிலக்காரர் ஒருவர் ஒருமுறை காரில் வந்தார். நான் அப்போது அங்கு இருந்தேன்.

"அம்மா, எனக்கு எல்லாம் ஒரே தாக்கு. வரப்பு மாறி மாறி வண்டிய எறக்கி ஏத்துற வேலையே இல்ல. எனக்கு முதல்ல முடிச்சுக் குடுத்துட்டு, இந்தத் துண்டு துக்காணியெல்லாம் அப்புறம் பாத்துக்கலாமே?"

"உக்காருங்க. காப்பி சாப்பிடுறீங்களா?"

"காப்பி இருக்கட்டும்மா. திங்கக்கிழம அனுப்புறீங்களா?"

"திங்கக்கிழம துண்டு துக்காணிக்குங்க. அது முடிஞ்சதும் நேரா உங்களுக்குத்தான். வியாழக்கிழம காலைல வண்டி உங்க வயல்ல நிக்கும்."

"வேற மிஷின் பாத்துக்கிறேன்."

"பாருங்க. அவன் வரலேன்னா வியாழக்கிழம நம்ம வண்டி இருக்கு. நாள் சொல்லியாச்சு."

வேறு வண்டி அவருக்கு வரவில்லை. வியாழனன்று அண்ணியின் வண்டி போய் நின்றது. அதற்குப் பின் ஒவ்வோர் ஆண்டும் அவர் வியாழக்கிழமையையே கேட்டு வாங்கிக்கொண்டார். காப்பியும் குடித்தார்.

எங்கள் சபையில் ஆண்டுக்கொரு முறை அறுப்பின் பண்டிகை. விளைந்ததில் ஒரு பங்கைப் பீடத்தின் முன் படைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் ஏலம் விடுவார்கள். வாழைத்தார், பூசணி, நெல் மூட்டை, கால் கட்டிய கோழி. அண்ணி ஓர் ஆண்டு புதிய கிரீஸ் கன் ஒன்றை வாங்கி, துடைத்து, பூசணிக்கும் தேங்காய்க் குலைக்கும் நடுவில் வைத்தார். எங்கள் சபைகளில் போதகரை ஐயர் என்று அழைப்பது வழக்கம். அவர் அருகில் வந்து பார்த்தார்.

"இது என்னம்மா?"

"கிரீஸ் கன்னு, ஐயரே."

"அறுப்பின் பண்டிகைக்கு விளைஞ்சதத்தான் படைக்கணும்."

"இது இல்லாம இங்க இருக்கிற நெல்லுல பாதி வந்திருக்காதுங்களே."

அவர் சிறிது யோசித்துவிட்டு, "இருக்கட்டும்" என்றார். கோயில் பணியாளர் மட்டும், பார்வைக்கு நன்றாக இருக்கட்டும் என்று அதைத் தூக்கி மெழுகுவர்த்தித் தண்டில் சாய்த்து நிமிர்த்தி வைத்தார். இரண்டாம் பாட்டின் நடுவில் அண்ணி எழுந்தார். எல்லோரும் பாடிக்கொண்டிருக்க, பீடம் வரை நடந்து சென்று, கன்னைப் படுக்க வைத்துவிட்டு, திரும்பி வந்து விட்ட அடியிலிருந்து பாடினார். ஏலத்தில் கோடி வீட்டுப் பெரியம்மா அதைக் கேட்டார்.

"உனக்கு எதுக்கு பெரியம்மா? இடுப்புக்கு அடிச்சுக்கவா?" என்றது ஒரு குரல்.

"என் நெல்லக் காப்பாத்துனது. எனக்கு வேணும். ஏலத்தச் சொல்லு," என்றார் பெரியம்மா. வாங்கிய கையோடு அதை அண்ணியிடமே கொடுத்துவிட்டார். மூன்றாவது கன் அதுதான்.

இந்தக் குணம் எப்போதும் இனிமையானதாக இருந்தது என்று நான் சொல்ல மாட்டேன். நான் ஓய்வு பெற்ற நாளில் கல்லூரியில் ஒரு பாராட்டுக் கூட்டம். என் சார்பில் வர வேண்டியிருந்தவர் அவர் ஒருவரே. என் மனைவி அதற்கு முன்பே காலமாகியிருந்தாள். முன்வரிசையில் ஒரு நாற்காலி கூட்டம் முடியும்வரை காலியாக இருந்தது. மாலைகளை மேசையில் விட்டுவிட்டு நான் வெளியே வந்தபோது, அண்ணி பேருந்து நிறுத்தத்திலிருந்து வேகமாக வந்துகொண்டிருந்தார். பட்டுச் சேலை. கையில் கிரீஸ் வாடை.

"பஸ்ஸு கிளம்புனப்புறம் ஞாபகம் வந்துச்சு தம்பி. டிரைவர் பச்ச கன்ன, தண்டு உள்ள விட்டபடியே, வெயில்ல வச்சிட்டுப் போயிருந்தான். எறங்கித் திரும்பிட்டேன்."

எனக்கு வருத்தமாக இருந்தது. அதை மறைக்காமல் சொன்னேன்.

"உங்களுக்கு மால போட அங்க நூறு பேரு இருப்பாங்க. அந்த கன்னுக்கு நான் ஒருத்திதான். கோவம்னா கோவிச்சுக்குங்க. ஆனா சாப்பிட்டுட்டுக் கோவிச்சுக்குங்க. பசிக்குது."

பெரிய கோயிலுக்கு எதிரே ஒரு கடையில் இருவரும் உணவருந்தினோம். கூட்டத்தில் யார் யார் என்ன பேசினார்கள் என்று ஒன்றுவிடாமல் கேட்டார். நான் சொல்லச் சொல்ல, "இன்னொருக்க சொல்லுங்க" என்றார். அந்தக் கூட்டம் எனக்கு நினைவிருப்பது அவரிடம் அதை இரண்டு முறை சொன்னதால்தான்.

பிரிவு, சேர்க்கை என்று பேசக்கூடிய பொருள் இது. என் தொழிலில் இருப்பவர்களுக்கு உவமை எளிதாக வரும். அவரிடம் ஒருமுறை முயன்றேன்; குடும்பமும் கிரீஸ் மாதிரிதான் என்று ஏதோ தொடங்கினேன். "கிரீஸு கிரீஸு மாதிரிதான் தம்பி," என்று வாளியை மூடினார். ஆகவே இங்கும் அதைத் தவிர்க்கிறேன்.

அவருடைய மகன் புனேயில் இருக்கிறான். அடக்கத்துக்கு வந்து, இரு வாரம் தங்கி, திரும்பிப் போனான். சென்ற வாரம் தொலைபேசியில் பேசினான்.

"சித்தப்பா, மன்னார்குடிக்காரர் ஒருத்தர் கேக்கறாரு. வண்டியக் குடுத்துடலாம். இந்த வயசுல நீங்க ஷெட்டுல நிக்க வேணாம்."

"பொங்கல் கழியட்டும்."

"அவரு பொங்கலுக்கு முன்னாடியே வேணுங்கிறாரு. சீசன் போயிடுமாம்."

"பெரியம்மா நேத்து வாசலுக்கு வந்து நின்னாங்கப்பா. உங்க அம்மா போன பொங்கல்ல சொன்ன திங்கக்கிழம இந்த வருஷமும் உண்டான்னு கேட்டாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"உண்டுன்னு சொன்னேன்."

"நாள் சொல்லிட்டீங்களா?"

"சொல்லியாச்சு."

"அம்மா மாதிரியே பேசறீங்க," என்றான். பிறகு, "சரி, நானும் அன்னிக்கு வந்துடறேன்" என்றான்.

வண்டியை விற்பதா வைத்துக்கொள்வதா என்பதை அறுவடைக்குப் பின் அவனே முடிவு செய்யட்டும். திங்கட்கிழமை வண்டி எங்கள் தெருவில் இறங்கும். இதில் முடிவு செய்ய ஒன்றுமில்லை.

மூன்றாவது கன்னைப் பற்றி எழுத வேண்டியது மீதியிருக்கிறது. குறுவை அறுவடை முடிந்து, கருவிகளைத் துடைத்து உள்ளே வைக்கத்தான் அன்று அவர் அறைக்குள் சென்றார். சிவப்புக் கன்னின் தண்டை இழுத்துப் பூட்டினார். பச்சையைப் பூட்டினார். மூன்றாவதைத் துடைத்தார், தொப்பி போட்டார், படுக்க வைத்தார். தண்டுக்குக் கை போவதற்குள் விழுந்திருக்க வேண்டும். அவர் வாழ்நாளில் முடிக்காமல் விட்ட வேலையென்று நான் அறிந்தது அது ஒன்றே. ஐப்பசியிலிருந்து நான் அதைத் தொடவில்லை. அவர் கை கடைசியாக வைத்தபடி இருக்கட்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இப்போது மார்கழி. செய்தித்தாளின் கறை தட்டளவுக்குப் பரந்திருக்கிறது. சுருள்வில் இரவும் பகலும் தள்ளிக்கொண்டிருக்கிறது. எண்ணெய் பிரிந்து வெளியேறிக்கொண்டிருக்கிறது. என்ன நடக்கிறது என்பது இந்தத் தெருவில் என்னைவிட நன்றாக யாருக்கும் தெரியாது. அவர் இதைப் பார்த்தால் என்ன சொல்வார் என்பதும் தெரியும்.

செய்ய வேண்டியவை:

டிரைவருக்குத் தொலைபேசி. சனிக்கிழமையே வந்துவிட வேண்டும். தங்க இடம் என் வீட்டில்.

பேரிங் கிரீஸ் வாளி: மேலே நிற்கும் எண்ணெயைக் கலக்கிச் சேர்க்க வேண்டும். இறுத்து ஊற்றக் கூடாது. தோசைத் திருப்பி அடுக்களையில் இருக்கிறது.

பச்சைக் கரை நைந்துவிட்டது. மகன் வந்ததும் அவருடைய சேலை ஒன்றைக் கேட்டு வாங்க வேண்டும்.

தோப்புக்காரருக்குச் சொல்ல வேண்டும்: வியாழன்.

அரிவாள்களைத் தீட்டக் கொடுக்க வேண்டும். தேவைப்படாது. இருந்தாலும்.

மூன்றாவது கன்: தண்டைப் பின்னுக்கு இழுத்துப் பூட்ட வேண்டும். உள்ளே காய்ந்திருப்பதை எடுத்தெறிந்து, புதிதாக நிரப்ப வேண்டும். கடைசியில் எழுதியிருக்கிறேன்; முதலில் செய்ய வேண்டியது இது.